கழுவாத காருக்கு ஒரு ஜாமீன்

கார் கழுவுவதை நிறுத்தினால் காசு மிச்சமாகும் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். இதைவிடப் பெரிய மடத்தனங்களையும் நம்பியவன்தான் நான். தூங்கும்போது ஏசியை அணைத்தால் கரண்ட் பில்லில் ஒரு வீடு கட்டலாம் என்று நம்பி, ஒரு ஜூலை மாதம் முழுக்க வெந்திருக்கிறேன். ஆனால் அது எனக்கும் என் முதுகு வேர்க்குருவுக்கும் நடுவில் முடிந்துபோன விவகாரம். கார் கழுவாத விவகாரம் அப்படி முடியவில்லை. கட்டிடம், கடை, ஆபீஸ் என்று பரவி, தூசி பிடித்த ஒரு வண்டியின் பேரால் என்னை ஓடுகாலி ஆக்கிவிட்டது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் செய்கிற ஒரு ஃபேக்டரி. அதில் லாரிகளில் சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் எனக்கு வேலை. துபாயில் கட்டிடங்கள் முளைத்துக்கொண்டே இருந்த வருஷங்கள் அவை. எல்லாக் கட்டிடத்துக்கும் குளியலறை வேண்டும், எல்லாக் குளியலறைக்கும் எங்கள் டைல்ஸ் வேண்டும். லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். நானே மண் குழைத்துச் சுட்டு அனுப்புகிற மாதிரி எனக்கு ஒரு மிதப்பு.

அந்த மிதப்பில்தான் கார் வாங்கப் போனேன். தப்பு, நான் எங்கே போனேன்? கார்தான் ஆபீசுக்கு வந்தது. கழுத்தில் டையும் கையில் விண்ணப்பமுமாக ஒரு பேங்க் ஏஜென்ட் வருவான். யாரோ ஓட்டிய பழைய சின்ன வண்டி ஒன்றுக்கு லோன் கிடைக்குமா என்றுதான் கேட்டேன். என் சம்பளச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, என் தன்மானத்தை யாரோ அவமதித்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "சார், உங்க பொசிஷனுக்கு இந்த வண்டியா?" என்றான். எனக்கு ஒரு பொசிஷன் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி வந்தது. மணல்மேட்டில் ஏறும் என்றார்கள். நான் ஏற்றியதெல்லாம் ஃபிளாட்டுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே இருந்த வேகத்தடைகளில்தான்.

"நாம மூணு பேருங்க. ஏழு சீட்டு எதுக்கு?" என்று என் மனைவி கேட்டாள்.

"வர்றவங்க போறவங்க இருப்பாங்கல்ல."

"வர்றவங்களுக்கு டீ கொடுக்க வீட்ல நாலு கப்புதான் இருக்கு. அதுல ஒண்ணுக்குக் காது இல்ல."

அவள் சொன்னது அதோடு சரி. வேறு ஒரு ஜீவனும் என்னைத் தடுக்கவில்லை. இதைத்தான் நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாதச் சம்பளத்தில் பாதிக்குப் பக்கத்தில் தவணைக்குப் போகிறது, ஒருத்தராவது ஏன் என்று கேட்டார்களா? மாறாக, மரியாதை கொட்டியது. எங்கள் கட்டிடத்து நாத்தூர், அதாவது வாட்ச்மேன், ஒரு வங்காளி. அதுவரை என்னைப் பார்த்தால் தண்ணி டாங்கைப் பார்க்கிற மாதிரி பார்த்தவர், எழுந்து நின்று சலாம் வைத்தார். விடியுமுன் வண்டிகளைக் கழுவுவதும் அவர்தான், மாதக் கூலிக்கு. கீழே குரோசரி வைத்திருந்தவர் கீழக்கரைக்காரர். அவர் ஊர் வழக்கப்படி மூத்தவர் என்று நானும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் நான் கேட்காமலே கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். தமிழ்க்காரர்கள் நடத்திய பொங்கல் விழாவில் முன்வரிசை கிடைத்தது. அந்த மூன்று மணி நேரமும் யார் பேசினார்கள் என்று கேட்காதீர்கள். வண்டியை வெளியே சரியாக நிறுத்தினேனா என்பதிலேயே என் நினைப்பு.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. துபாயில் கிரேன்கள் அப்படியே நின்றுபோன வருஷம். டிவியில் பெரிய பெரிய ஆட்கள் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு டிவி தேவைப்படவில்லை, லாரிகள் வரவில்லை. டைல்ஸ் பெட்டிகள் முற்றத்தில் அடுக்கி அடுக்கி என் ஜன்னலையே மறைத்துவிட்டன. ஆபீசில் வாரத்துக்கு ஒரு நாற்காலி காலியானது. எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. தவணை கட்ட முடியாதவர்கள் காரை ஏர்போர்ட்டில் நிறுத்தி, சாவியை உள்ளேயே வைத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்களாம். அந்தக் கார்களில் விரலால் பேர் எழுதுகிற அளவுக்குத் தூசியாம். பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

இந்த நேரத்தில் என் மனைவி ஊரில் இருந்தாள், மாயவரத்தில், இரண்டாவது பிரசவத்துக்கு. மூத்த மகள் பிறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் முதன்முதலில் அவளைப் பார்த்தபோது அவளுக்குப் பல் முளைத்திருந்தது. என்னைப் பார்த்து வீறிட்டு அழுது, அந்தப் பல்லால் என் விரலைக் கடித்தாள். மொத்தக் குடும்பமும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன். அதனால் இந்தத் தடவை என்ன ஆனாலும் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். மற்ற சத்தியங்களை மீறுகிற மாதிரி அதை மீற எனக்கு மனசில்லை.

ஆக, பணம் வேண்டும், லீவு வேண்டும், திரும்பி வந்தால் நாற்காலி இருக்க வேண்டும். பயத்தில் நான் சிக்கனத் திலகம் ஆனேன். டீயைக் குறைத்தேன். சேனல்களை நிறுத்தினேன். ஒரே பிளேடில் ஷேவ் செய்து செய்து என் முகம் தீச்சட்டி எடுத்தவன் மாதிரி ஆயிற்று. கடைசியில் பெரிய முடிவு: வண்டியை எடுப்பதில்லை, கம்பெனி பஸ்ஸில் போவது. ஓடாத வண்டியை எதற்குக் கழுவ வேண்டும்? நாத்தூரிடம் போய், இந்த மாதத்திலிருந்து வேண்டாம் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாய், பானி மாஃபி?" என்றார். தண்ணீர் கிடையாதா என்று கேட்கிறார்.

"பைசா மாஃபி" என்றேன், நகைச்சுவையாக.

நகைச்சுவையாகத்தான் சொன்னேன் என்பதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன். அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினார், துக்கம் விசாரிக்கிற மாதிரி.

ராஸ் அல் கைமாவின் தூசி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பக்கம் கல் உடைக்கும் குவாரிகள், ஒரு பக்கம் சிமெண்ட், ஒரு பக்கம் எங்கள் டைல்ஸ், நடுநடுவே காற்று. வெள்ளை வண்டி ஒரு வாரத்தில் ரஸ்க் நிறம் ஆயிற்று. அடுத்த வாரம் கண்ணாடியும் கதவும் ஒரே நிறம். யாரோ ஒரு தமிழர் பின்கண்ணாடியில் விரலால் 'போய் வருக' என்று எழுதியிருந்தார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. அதற்கடுத்த நாள் பலதியா, அங்கே முனிசிபாலிட்டியை அப்படித்தான் சொல்வோம், முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனது. கேட்பாரற்ற வாகனம், உரிமையாளர் சுத்தம் செய்யாவிட்டால் இழுத்துச் செல்லப்படும் என்று.

கேட்பாரற்றதா? நான் மூன்றாம் மாடியில் நின்று தினமும் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வயிற்றெரிச்சலோடு தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்பாரற்றதாம்!

முதலில் எதிர் ஃபிளாட்காரர் வந்தார். சென்னைக்காரர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், நமக்குள்ள என்ன. அந்த வாஷிங் மெஷின எவ்ளோக்குத் தள்ளிவிடப் போறீங்க?" என்றார்.

"நான் ஏன் சார் அதைத் தள்ளிவிடணும்?"

"சரி சரி, புரியுது. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். ஃப்ரிட்ஜையும் சேத்துச் சொல்லுங்க, ஒரே லம்ப்பா முடிச்சுக்கலாம்."

கதவைச் சாத்தினேன். சாத்தின கதவுக்கு வெளியிலிருந்து, "கட்டில் தேக்கா சார்?" என்று கேட்டது.

குரோசரியில் காக்கா எப்போதும் என்னிடம் பேசிக்கொண்டே பொருளைப் பையில் போடுபவர். அன்றைக்குப் பேசிக்கொண்டே பொருளைப் பையிலிருந்து எடுத்தார். "தம்பி, ஒண்ணும் தப்பா நெனச்சுக்கிறாதிய. ஊருக்குக் கீருக்குப் போறியளா?"

"பிரசவத்துக்குப் போறேன் காக்கா. லீவு முடிஞ்சதும் வந்துருவேன்."

"எல்லாரும் அப்புடித்தான் சொல்றாஹ. போன வாரம் ஒத்தரு தயிரு வாங்கிக்கிட்டு, வந்து தாறேன்னு போனாரு. மறுநாளு ஊர்லேர்ந்து போன் பண்ணி, மன்னிச்சிருங்க காக்காங்குறாரு. தயிராச்சும் நல்லா இருந்துச்சான்னு கேட்டேன்."

பாக்கியை அப்போதே கட்டினேன். கோபத்தில் ஒரு பாக்கெட் ஏலக்காயும் வாங்கிவிட்டேன், எனக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட. ஏலக்காய் என்ன விலை என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

என் ஆத்திரம் இதுதான். சம்பளத்துக்கு மேலே வாழ்ந்தபோது நான் பெரிய மனுஷன். முன்வரிசை, சலாம், கேட்காமலே கடன். சம்பளத்துக்குள் வாழ ஆரம்பித்த அன்றைக்கு நான் ஓடப்போகிறவன். ஒழுங்காக இருக்க முடிவு செய்தவனைத்தான் இந்த ஊர் சந்தேகப்பட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தன் மணிபர்ஸை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றிக்கொண்டார்.

இதெல்லாம் மானப் பிரச்சினை, பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தது அப்படியல்ல. எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் கம்பெனியிடம் இருக்கும். லீவில் போகும்போதுதான் கையில் தருவார்கள். அதற்கு உடன் வேலை செய்பவர் ஒருத்தர், இவர் திரும்பி வருவார் என்று ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் கையெழுத்துப் போட்டவர் சம்பளத்தில் கை வைப்பார்கள். நல்ல காலத்தில் இது டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற காரியம். நானே எத்தனையோ பேருக்கு முகத்தைக்கூடப் பார்க்காமல் போட்டிருக்கிறேன். இப்போது தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஆபீசில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பாத்ரூம் வந்தது. ஒருத்தர் கையில் சுளுக்கு என்றார். அதே கையால் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நம்பிக்கை ஸ்டோர்ஸில் இருந்த திருநெல்வேலிக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்பேன். ஒரே தட்டில் சாப்பிட்ட பழக்கம்.

"போடமாட்டேன்னு சொல்லல வே" என்றார். "உம்ம வண்டியப் பாத்தேன். என்ன வே அது கோலம்? தோண்டி எடுத்த சாமான் மாதிரில்லா கிடக்கு."

"சிக்கனம் அண்ணாச்சி."

"ஊரெல்லாம் பேசுதாவ. நீரு நல்லவருதான். ஆனா இப்ப நல்லவம்லாம்தான் மொதல்ல ஓடுதான். மோசமானவன் இங்கனயே கெடந்து சமாளிக்கான்."

வீட்டுக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியோடு இறங்கினேன். இந்தத் தூசிதானே பிரச்சினை? தேய்த்தேன். ஸ்டிக்கரைச் சுரண்டினேன். 'போய் வருக'வை அழித்தேன். நாத்தூர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொழில் தெரியாதவன் வேலை செய்வதைப் பார்க்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிடத்துக் குழந்தைகள் இங்கிலீஷில் கைதட்டினார்கள். வண்டி பளபளவென்று ஆனது. நிமிர்ந்து பார்த்தால் முன்பின் தெரியாத ஒருத்தர் டயரை எட்டி உதைத்துக்கொண்டிருக்கிறார்.

"கடைசி விலை என்ன சார்?"

"விற்கலைங்க."

"கழுவியிருக்கீங்களே?"

எதிர் ஃபிளாட்காரர் பால்கனியிலிருந்து கூப்பிட்டார். "சார், அப்ப இந்த வாரமே கிளம்புறீங்களா? மெஷின் விஷயம் மறந்துடாதீங்க!"

கழுவாவிட்டால் ஓடப்போகிறவன். கழுவினால் விற்றுவிட்டு ஓடப்போகிறவன். வாளியைப் போட்டு உடைத்தேன். பிளாஸ்டிக் வாளி, உடையவில்லை. உருண்டுபோய் நாத்தூர் காலடியில் நின்றது. அவர் எடுத்து வைத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை.

அதற்கப்புறம் நான் பட்ட பயம் இருக்கிறதே! பாஸ்போர்ட் தரமாட்டார்கள், பேங்க்காரன் கேஸ் போடுவான், ஏர்போர்ட்டில் என் பேரைத் தட்டினதும் கம்ப்யூட்டரில் சிவப்பு விளக்கு எரியும், கையில் விலங்கோடு என்னைத் திருப்பி இழுத்து வருவார்கள், குழந்தை பிறக்கும், அதற்கும் பல் முளைக்கும், அதுவும் கடிக்கும். கம்ப்யூட்டரில் சிவப்பு விளக்கு உண்டா என்று ஆபீசில் ஒருத்தரிடம் விசாரித்தேன். அதுவும் தப்பாகப் போய்விட்டது.

மனைவிக்குப் போன் செய்து, எல்லாரும் நான் ஓடப்போகிறேன் என்கிறார்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பயந்துவிட்டாளோ என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"நீங்க ஓடுறதா? கிளம்புற பஸ்ஸுக்கே ஓடமாட்டீங்க, அடுத்தது வரும்னு நிப்பீங்க."

"எனக்கு ஜாமீன் போட ஆள் இல்லடி. ஸ்டோர்ஸ் அண்ணாச்சியே தயங்குறாரு."

சிரிப்பை நிறுத்தினாள். "டாக்டர் அடுத்த வாரக் கடைசின்னு சொல்லியிருக்காங்க. அந்த அண்ணன்கிட்ட கார் சாவியைக் குடுத்துருங்க. நீங்க வர்ற வரைக்கும் அவர் ஓட்டட்டும். கார் அங்க இருந்தா நீங்க எங்க போவீங்க? என்னைவிட அதைத்தானே அதிகம் பாத்துக்கிட்டீங்க."

அடுத்த நாள் அண்ணாச்சி முன்னால் சாவியை வைத்தேன். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெட்ரோலு?" என்றார். நிரப்பித் தருகிறேன் என்றேன். "கழுவக் கூலி?" நாத்தூரிடம் முன்பணம் கட்டிவிட்டேன் என்றேன். பேனாவை எடுத்தார். பேங்க் எனக்குக் கொடுத்த வண்டியை நான் அவரிடம் அடகு வைத்து, அவர் எனக்காகக் கம்பெனிக்கு உத்தரவாதம் கொடுத்தார். யாருடைய பொருளை யார் யாருக்குக் கொடுத்தோம் என்று யோசித்தால் தலை சுற்றும். நான் யோசிக்கவில்லை.

கையெழுத்து காய்வதற்குள் பர்சனல் ஆபீசுக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன். அங்கே அதிகாரி ஒரு பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். டீ குடித்துக்கொண்டே தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதெதுக்கு சாரே?"

"ஜாமீன். பாஸ்போர்ட்டுக்கு."

"ஜாமீனொண்ணும் வேண்டா." இழுப்பறையைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார், பாக்குப் பொட்டலம் வைக்கிற மாதிரி. "போன மாசத்திலிருந்தே நிறுத்தியாச்சு."

"திரும்பி வராம போயிட்டா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். நல்ல மனுஷன், சொல்லக் கஷ்டப்பட்டார். "சாரே, ஜாமீன் கேட்டதெல்லாம் ஆள் திரும்பி வரணும்னு கம்பெனி நெனச்ச காலத்துல. இப்ப நீங்க வேணும்னா இன்னும் மூணு மாசம் சேத்து எடுத்துக்கோ. சம்பளம் மாத்திரம் இருக்காது. லோடு வந்தா நாங்களே போன் பண்ணி விளிக்காம்."

இத்தனை நாள் இந்த ஊர் முழுக்க நான் ஓடிவிடுவேன் என்று பயந்தது. என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஒரே இடத்தில் அந்தப் பயமே இல்லை. ஓடினால் நல்லது என்று இருந்திருக்கிறார்கள். அண்ணாச்சிக்குச் சாவி கொடுத்து, டாங்க் நிரப்பி, கழுவ முன்பணம் கட்டி, ஏலக்காய் வாங்கி நான் காப்பாற்றிய நாணயம் யாருக்கும் தேவைப்படவில்லை.

"நீங்க இதை வாங்கிக்கணும்" என்றேன்.

"எந்தினா சாரே?"

"நான் திரும்பி வருவேன். அதுக்கு ஜாமீன் இருக்கு. கையெழுத்து இருக்கு பாருங்க. ஃபைல்ல வைங்க."

"ஃபைல்ல அதுக்கு இடமில்ல."

"அப்ப எனக்கு பாஸ்போர்ட் வேணாம்!"

சொன்ன மறுநொடியே பயந்து பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் நகரவில்லை. இன்னொரு கையால் ஜாமீன் தாளை நீட்டியபடி நின்றேன். பின்னால் வரிசை சேர்ந்தது. "யல்லா பாய், ஜல்தி" என்று யாரோ முதுகில் குத்தினார்கள். கடைசியில் அதிகாரி தாளை வாங்கி, என் கண் முன்னால் ஒரு முத்திரை குத்தி, மேஜை ஓரத்தில் வைத்தார். "கலாஸ், முடிஞ்சது. சந்தோஷமா?" என்றார்.

சந்தோஷம் இல்லை. இருந்தாலும் வந்துவிட்டேன்.

ஏர்போர்ட்டில் எந்த விளக்கும் எரியவில்லை. கவுண்டரில் இருந்தவர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மாயவரம் ஆஸ்பத்திரியில், செவ்வாய்க்கிழமை காலையில் மகன் பிறந்தான். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது அவனுக்குப் பல் இல்லை.

அந்த மூன்று மாதத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. லீவு முடிந்த தேதியில் திரும்பினேன். என் நாற்காலி இருந்தது. ஜாமீன் தாள் அதிகாரியின் மேஜையில் அதே இடத்தில், டீ கிளாஸுக்கு அடியில் இருந்தது. காரை, மீதித் தவணையோடு சேர்த்து, பேங்க்கில் தன் பேருக்கு மாற்றி எழுதி அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் நான் பஸ்ஸில் டூட்டிக்குப் போனேன்.